நார்மல் என்று எழுதிய குழாய்

“எந்தப் பதினோரு நாள்?”

“அதத்தான்க்கா நானும் ஒரு வாரமா தேடினேன். நீங்க மொத்தம் அறுபத்திரெண்டு நாள் டெஸ்ட் ஓட்டியிருக்கீங்க. அதுல அம்பத்தோரு நாள் நோயாளியும் நல்லா இருக்கறவங்களும் ஒட்டிப் பொறந்த ரெட்டைப் புள்ளைங்க மாதிரி இருக்காங்க. மீதிப் பதினோரு நாள் மட்டும் நோயாளிங்க பாதிக்குக் கீழ போயிடறாங்க.”

“அன்னைக்கு மெஷின் மக்கர் பண்ணியிருக்கும்.”

“பண்ணல. சர்வீஸ் நோட்டப் பாத்துட்டேன்.”

“அப்போ ரத்தம் வர லேட்டாயிருக்கும். வெயில்ல கிடந்திருக்கும்.”

“வண்டிக்காரர் கையெழுத்துப் போட்ட நேரம் இருக்கு. எல்லாம் ரெண்டு மணி நேரத்துக்குள்ள.” அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். “கடைசியா வருகைப் பதிவேட்ட எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாத்தேன். கோச்சுக்காதீங்க. அந்தப் பதினோரு நாளும் நீங்க லீவு.”

மூத்தவள் கையிலிருந்த கண்ணாடிக் குழாயைத் தாங்கியில் வைத்தாள். அது சரியாக உட்காரவில்லை. இரண்டாம் முறை வைத்தாள்.

எதிரே நின்றவன் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த புள்ளிவிவரக்காரன். வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் எல்லோரும் அவனைப் ‘புள்ளி’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அங்கே யாரும் சொந்தப் பெயரோடு பிழைக்க முடியாது. பத்தொன்பது வருடம் அங்கே டெக்னீஷியனாக இருந்த மூத்தவளுக்கே பெயர் ‘நார்மல்’. “நார்மல் வந்தாச்சா?”, “நார்மலுக்கு ஒரு டீ சொல்லு”, “நார்மலே இன்னைக்குக் கோவமா இருக்கு, நாமெல்லாம் எம்மாத்திரம்?” இப்படித்தான் அவளுடைய நாள் தொடங்கி முடியும்.

அந்தப் பெயர் வந்த கதை சின்னது. உடம்பு வற்றிப்போகும் ஒரு நோய் உண்டு. ஒரு காய்ச்சல் வந்து போகும். காய்ச்சல் போன பிறகும் தெம்பு திரும்பாது. நாலு படி ஏறினால் நாலு நாள் படுக்கை. தூங்கி எழுந்தால் அடித்துப் போட்டதுபோல வலி. டாக்டர்கள் தட்டிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், கடைசியில் “மனசுதான் காரணம்” என்று சொல்லிக் கதவு வரை கொண்டுவந்து விடுவார்கள். அந்த நோயாளிகளின் ரத்தத்தில் ஏதாவது பிசகு இருக்கிறதா என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தின் இரண்டு வருட வேலை. பார்த்தது ஒரு வகை வெள்ளை அணுவை. கிருமி புகுந்த செல்லைத் தேடிப் போய்த் தீர்த்துக்கட்டுவது அதன் தொழில். ஆய்வகத்தில் அவற்றுக்கு ‘ரவுடிகள்’ என்று பெயர். நூறு இரைச் செல்களோடு அந்த ரவுடிகளை நாலு மணி நேரம் ஒன்றாக விட்டு வைத்தால் எத்தனை சாகிறது? அதுதான் கணக்கு.

ஆனால் இரைச் செல்களுக்கும் நல்ல நாள், கெட்ட நாள் உண்டு. ஒரு நாள் பொட்டென்று விழும், ஒரு நாள் முரண்டு பிடிக்கும். அதனால் தினமும் நோயாளியின் ரத்தத்தோடு ஆரோக்கியமான ஒருவருடைய ரத்தத்தையும் பக்கத்தில் வைத்து ஓட்டி, இவர் அவரில் எத்தனை பங்கு என்று மட்டும் எழுதுவார்கள். தனி எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆரோக்கியமானவரின் குழாயில் ‘நார்மல்’ என்று எழுதி ஒட்டுவார்கள். ரத்தம் அன்றைக்கே எடுத்ததாக இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜில் வைத்தால் ரவுடிகள் சாதுவாகிவிடுவார்கள். தினமும் ஒரு புது ஆள் வர வேண்டும் என்பது விதி. கணக்கில் சேராத ஒத்திகை நாட்களில், முதல் வாரம் மாணவர்கள் வந்தார்கள். இரண்டாம் வாரம் பிஸ்கட் கொடுத்ததால் வந்தார்கள். மூன்றாம் வாரம் நிஜ டெஸ்ட் தொடங்கியபோது யாரும் வரவில்லை. காலை ஏழு மணிக்கு எழுந்து வந்து ஊசி குத்திக்கொள்ள யாருக்குப் பைத்தியம்?

மூத்தவள் சட்டைக் கையை மடித்துவிட்டாள். “நான்தான் தெனம் இங்க இருக்கேனே சார். இத்தனை வருஷத்துல ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல.”

“ஒரே ஆள்னா இன்னும் நல்லதுதான்மா,” என்றார் ஆய்வகத் தலைவர். “அளவு மாறாம இருக்கும்.”

அளவு மாறாமல்தான் இருந்தது. அவள் லீவு போட்ட நாளில் மட்டும், ரத்தப் பெட்டியைக் கொண்டுவரும் வண்டிக்காரர் கையை நீட்டினார்.

“எதுக்குக்கா அந்தப் பதினோரு நாள் லீவு போட்டீங்க?” என்று புள்ளி கேட்டான். “ஏதாவது சேந்தாப்புல ஊருக்குப் போனீங்களா?”

“இல்ல,” என்றாள். “வீட்டுல வேலை.”

தங்கையை ஆஸ்பத்திரிகளுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்த நாட்கள் அவை. அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி வரும்.

*

தங்கை நில அளவையாளர். ஆறு வருடம் முன்பு வரை சங்கிலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு நாளைக்குப் பத்து மைல் நடந்தவள். வரப்பென்றும் வேலியென்றும் பார்க்காமல் தாண்டுவாள். நாய் துரத்தினால் நாய்க்குத்தான் மூச்சு வாங்கும். ஒரு மழைக்காலத்தில் அவளுடைய அலுவலகத்தில் ஒரு காய்ச்சல் புகுந்தது. பதினாலு பேர் படுத்தார்கள். பதிமூன்று பேர் எழுந்தார்கள்.

முதல் வருடம் அம்மா உருகினாள். இரண்டாம் வருடம் அலுத்தாள். மூன்றாம் வருடத்திலிருந்து அம்மாவின் வாய் திறந்துகொண்டது.

“நடக்க மனசில்லாதவளுக்கு நாலு மூலையும் மேடு. சோறு மட்டும் எறங்குதில்ல? நாக்கு மட்டும் அசையுதில்ல?”

“நாக்குக்கும் சேத்துத்தாம்மா வலிக்குது.”

“ஒரே வயித்துல பொறந்ததுங்கதானே ரெண்டும்? உங்க அக்காளப் பாரு. அவ ஆபீசுல அவளுக்குப் பேரே நார்மலு. அவளை வச்சுத்தான் ஊரையே அளக்கறாங்களாம்.”

அம்மாவுக்கு அந்தப் பெயரில் அப்படியொரு பெருமை. தெருவில் காய்கறி விற்கிறவளிடம்கூடச் சொல்லியிருந்தாள். தங்கை யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மருந்து கேட்கவில்லை, மாப்பிள்ளை கேட்கவில்லை. ஒரே ஒரு தடவை அக்காவிடம் கேட்டாள்: “நான் நடிக்கலன்னு அம்மா ஒரு நாளைக்கு நம்பினாப் போதும். அதுக்கு ஏதாவது வழி இருக்கா?”

வழி இருந்தது. ஊழியர்களின் சொந்தக்காரர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்று படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. அதில் ‘உறவினர் இல்லை’ என்று மூத்தவளே டிக் போட்டாள். தங்கை நாற்பத்தொன்றாம் எண் ஆனாள். ரத்தம் எடுக்கும்போது தங்கை படுத்தபடியே குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இது நான். அந்த நார்மல் யாரு?”

“நான்தான்.”

“அப்போ ஒன்னோட ஒப்பிட்டுத்தான் என்னைச் சொல்வாங்களா? வீட்டுல பண்றதத்தான் ஆபீசுலயும் பண்றீங்க.” சிரித்தாள். சிரிப்புக்கே மூச்சு வாங்கியது. “நாங்க தெனம் காலையில சங்கிலியத் தரையில பதிச்ச ரெண்டு கல்லுக்கு நடுவுல போட்டு சரி பாப்போம்க்கா. இழுத்து இழுத்து அது நீண்டு போயிருக்கும். பாக்காம அளந்தா ஊரு நெலமெல்லாம் தப்பு. உங்க நார்மல எந்தக் கல்லுல போட்டுப் பாப்பீங்க?”

“போடி, பெரிய சர்வேயரு,” என்று அவள் கன்னத்தில் தட்டிவிட்டு மூத்தவள் ஊசியை உருவினாள்.

முடிவு வந்தது. நோயாளிகளுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. தலைவர் அதைக் கட்டுரையாக எழுதி அனுப்பினார், அச்சிலும் வந்தது. நோயாளிகளின் மரபணுவையும் படித்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு, நாற்பத்தொன்றாம் எண்ணுக்கும், ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தது. ரவுடிச் செல்லின் சுவரில் கால்சியத்தை உள்ளே விடுகிற ஒரு சிறு கதவு. அந்தக் கதவைக் கட்டச் சொல்லும் எழுத்து. கால்சியம் உள்ளே போனால்தான் கொல்லும் வேலை நடக்கும். ஆனால் வேலைதான் ஒழுங்காக நடக்கிறதே? அதனால் அந்த மாற்றத்துக்குப் பொருள் ஒன்றும் இல்லை என்று கடைசிப் பத்தியில் முடித்துவிட்டார். மரபணு படித்தது நோயாளிகளுக்கு மட்டும். ‘நார்மல்’ ஒருத்திதானே, அவளுக்கு எதற்கு?

அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்து உரக்கப் படித்தது மூத்தவள்தான்.

அம்மா கைகளைத் தட்டிக்கொண்டாள். “கேட்டியாடி? ரத்தமே சொல்லுது. ரத்தம் பொய் சொல்லுமா?”

தங்கை அந்தத் தாளை வாங்கி மடித்தாள். பிறகு, “சரி. நான்தான் தப்பு போலிருக்கு. எழுந்திரிச்சுப் பாக்கறேன்,” என்றாள்.

மூத்தவள் கூடத்துச் சுவரில் ஒரு கட்டம் போட்ட தாளை ஒட்டினாள். முதல் நாள் நூறடி. தினமும் ஐம்பது கூட்ட வேண்டும். பென்சிலை நூலில் கட்டித் தொங்கவிட்டாள். தங்கை நடந்தாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தது அக்காவுக்கு முன்னேற்றமாகத் தெரிந்தது. சாயங்காலம் உடம்பு நடுங்கியபோது, “ஆரம்பத்துல அப்படித்தான் இருக்கும், விட்டுடாத,” என்றாள். இருபத்துமூன்றாம் நாள் தங்கை மாடிப்படியின் ஆறாவது படியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து அவளைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருந்தது.

அதற்குப் பிறகு எட்டு மாதமாக அவள் அறையில் திரை விலகவில்லை. வெளிச்சம் கண்ணில் குத்தும். சத்தம் தலைக்குள் ஆணி இறக்கும். நாற்காலிக் கால்களுக்கு மூத்தவள் பழைய காலுறைகளை மாட்டிவிட்டாள். கடிகாரத்தை எடுத்துவிட்டார்கள். சுவரில் அந்தத் தாள் மட்டும் இருபத்துமூன்று கட்டங்கள் நிரம்பியபடி அப்படியே இருந்தது. அதைக் கிழிக்க அம்மா விடவில்லை. “மறுபடி நடப்பா. கெடக்கட்டும்.”

*

மூத்தவள் புள்ளியிடம் வாக்குவாதம் பண்ணவில்லை. மறுநாள் காலையில் கீழ்த்தள நர்ஸ் அவளுடைய கையிலிருந்து ரத்தம் எடுத்ததும், “உன் கையையும் குடு,” என்று நர்ஸையே கேட்டாள். வண்டிக்காரர் வந்ததும் அவரையும் உட்காரவைத்தாள்.

“என் ரத்தத்துல டீதான்மா ஓடுது,” என்றார் அவர் சட்டைக் கையைச் சுருட்டியபடி. “ஒங்க ரவுடிங்களுக்குத் தூக்கம் வராமப் போயிடப் போகுது.”

மூன்று குழாய்கள், ஒரே நாள், ஒரே இரைச் செல்கள். நாலு மணி நேரம் கழித்து எண்கள் வந்தன. வண்டிக்காரர் நூற்றுக்கு முப்பத்திரண்டு. நர்ஸ் இருபத்தொன்பது. அவள் பதினாலு.

அடுத்த நாளும் ஓட்டினாள். அதற்கடுத்த நாளும். பதினாலு, பதினாறு, பதிமூன்று. அவள் கையை உதட்டுக்குக் கொண்டுபோனாள். ஓரத்தில் எப்போதும்போல ஒரு கொப்புளம். வருடத்துக்கு நாலு தடவை வரும். சூடு என்று நினைத்திருந்தாள்; அது ரவுடிகளுக்கு அடங்காத கிருமி என்று இப்போதுதான் தோன்றியது.

தன் பெயரைப் போடாமல் தன்னுடைய மரபணுவையும் படிக்கக் கொடுத்தாள். முடிவு வந்த திரையைப் புள்ளிதான் முதலில் பார்த்தான். அவன் நாற்காலியை நகர்த்தி அவளுக்கு இடம் விட்டான். அதே இடம், அதே எழுத்து, அதே மாற்றம்.

“ஆனா நீங்க நல்லாத்தானேக்கா இருக்கீங்க,” என்றான்.

“அந்த எழுத்து மட்டும் யாரையும் சாய்க்காதுடா. நல்லா இருக்கற எத்தனையோ பேர்கிட்டயும் இருக்கும். கூட ஒரு காய்ச்சல் வரணும். காய்ச்சலோட இன்னும் என்னென்னவோ சேரணும். என்னன்னு யாருக்கும் தெரியாது.” அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அந்தக் காய்ச்சல் தங்கையின் அலுவலகத்துக்குப் போனது, அக்காவின் ஆய்வகத்துக்கு வரவில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அதற்குப் போய் வருடக்கணக்காக ஒருத்தி சோம்பேறி, ஒருத்தி நார்மல்.

தலைவரின் அறையில் அவள் எண்களைச் சொல்லி முடித்தபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

“யானைக்கும் அடி சறுக்கும்மா. ஆனா சறுக்கின எடத்துல போர்டு எழுதி மாட்டறதில்ல.”

“கட்டுரைய வாபஸ் வாங்கணும் சார்.”

“எதை வச்சு? ஒரு புதுப் பையன் பதினோரு நாளக் கண்டுபிடிச்சான், அதை வச்சா? பதினோரு பேரு தற்செயலாவும் விழலாம்.” கண்ணாடியை மாட்டினார். “சரி, கேட்டுட்ட. வேற பத்து பேர்கிட்ட மறுபடி ரத்தம் எடு. ஒழுங்கான நார்மலோட ஓட்டு. பத்தும் கீழ வந்தா நானே திருத்தம் எழுதறேன். வெள்ளிக்கிழமை நான் கமிட்டிக்குப் போகணும், அதுக்குள்ள. ஒம்பது குடுத்தா அது ஆராய்ச்சி இல்ல, புலம்பல்.”

“சரி சார்.”

“திருத்தத்துல காரணமும் எழுதணும். நார்மல் குடுத்தது யாருன்னு கேப்பாங்க. அது என் பேரு இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, இரக்கப்படுவதுபோலச் சொன்னார்: “கிணறு வெட்டப் போய் பூதத்தக் கெளப்பாத. யோசிச்சுக்க.”

அவள் யோசிக்கவில்லை. தொலைபேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முக்கால்வாசிப் பேர் எடுக்கவே இல்லை. நாலு பேர் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ரத்தம் வந்து சேர்வதற்குள் வீணாகிவிடும். ஒருவர் ஆய்வகத்தின் பெயரைக் கேட்டதும் சிரித்தார். “போன தடவ நீங்க அனுப்பின பேப்பர எங்க மேனேஜர் ஃப்ரேம் போடாத குறையா வச்சிருந்தாரும்மா. என்னை வேலைய விட்டு அனுப்பறப்போ அதத்தான் காட்டினாரு. மறுபடியும் ரத்தமா? மிச்சம் இருக்கறதையும் உறிஞ்சிடுங்க.” இன்னொரு எண்ணை ஒரு வயதானவர் எடுத்தார். “அவ போயிட்டாம்மா, மூணு மாசம் ஆச்சு,” என்றார். எப்படி என்று அவள் கேட்கவில்லை. அவரும் சொல்லாமல், “ஒங்க நல்ல மனசுக்கு நன்றி,” என்று வைத்துவிட்டார். அந்த நன்றி அவள் காதில் ரொம்ப நேரம் சுட்டது.

வியாழக்கிழமை காலைக்குள் ஒன்பது பேர் கொடுத்திருந்தார்கள். ஒன்பதும் வண்டிக்காரரில் பாதிகூட இல்லை. பட்டியலில் எட்டக்கூடிய தூரத்தில் மிச்சம் இருந்தது ஓர் எண்தான். நாற்பத்தொன்று.

“நாப்பத்தொண்ணு யாருக்கா? போன் நம்பர் எடத்துல ஒண்ணுமே எழுதலயே,” என்றான் புள்ளி.

“எனக்குத் தெரியும்,” என்றாள். “நானே போறேன்.”

*

வண்டிக்காரர் தெருமுனையிலேயே எஞ்சினை நிறுத்திவிட்டார். அந்த வீட்டு வாசலில் சத்தம் கூடாது என்று அவரிடம் சொல்லியிருந்தாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. “பன்னெண்டு மணிக்குள்ள குடுத்துடுங்கம்மா,” என்றார். “ரோட்டுல கூட்டம் சேந்துட்டா அப்புறம் என்னைத் திட்டப்படாது.”

அம்மா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். “என்னடி இந்த நேரத்துல?”

“பக்கத்துல ஒரு வேலை. வந்தேன்.”

“மகாராணி ரெண்டு வாய் சூப்புதான் குடிச்சா. மிச்சத்த நீ குடிச்சுட்டுப் போ. ஒழைக்கற உடம்புக்காவது சேரட்டும்.” அம்மா கிண்ணத்தை நகர்த்தினாள். கையில் வெடிப்புகள், எட்டு மாதமாகத் துடைக்கவும் துவைக்கவும் திருப்பிப் படுக்கவைக்கவும் அவளுடைய கைகள்தான். கையில் குறை வைக்கவில்லை. எல்லாம் வாயில் இருந்தது. “நீ ஒருத்தி நல்லபடியாப் பொறந்தியே, அந்த மட்டும் சந்தோசம்.”

மூத்தவள் சூப்பைத் தொடாமல் உள்ளே போனாள். கூடத்தைக் கடக்கும்போது அந்தத் தாளைப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள்.

அறை நடுப்பகலிலும் கிணற்றடிபோல இருந்தது. தங்கையின் கண்கள் மேல் மடித்த துணி. மூத்தவள் தரையில் உட்கார்ந்து அவளுடைய காதுக்கு அருகே குனிந்தாள். பேசும் முறை இருவருக்கும் பழக்கம்: ஒரு விரல் ஆட்டினால் சரி, இரண்டு விரல் என்றால் வேண்டாம். வாய் திறப்பது ரொம்ப அவசியத்துக்குத்தான். ஒரு வாக்கியத்துக்கு அரை நாள் விலை.

“ரத்தம் எடுக்கணும். இன்னொரு தடவ. ஒரே ஒரு குழாய்.”

இரண்டு விரல்.

“காரணம் சொல்றேன், கேளு.”

மூச்சின் சத்தத்துக்கு மேல் போகாத குரலில் சொல்ல ஆரம்பித்தாள். பதினோரு நாளைச் சொன்னாள். வண்டிக்காரருக்கு முப்பத்திரண்டு என்றும் தனக்குப் பதினாலு என்றும் சொன்னாள். “ஒனக்கு இருக்கற அதே மாத்தம் எனக்கும் இருக்குடி. உங்க எல்லாரையும் என்னோட வச்சு அளந்துட்டோம். நான் சரியா இருந்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். ஒனக்கு நெசமாவே முடியல. நீ நடிக்கல. நான் அதை மேசையில ஒக்காந்து சத்தமாப் படிச்சேன். ஒன்னை நடக்க வச்சேன்.”

துணிக்குக் கீழே முகம் அசையவில்லை. தூங்கிவிட்டாளோ என்றுகூட மூத்தவளுக்குத் தோன்றியது. வெளியே அம்மா ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். தங்கையின் புருவம் மட்டும் சுருங்கி நிமிர்ந்தது.

“சங்கிலி,” என்றாள் தங்கை.

“ஆமா.”

“கேட்டேன்ல. எந்தக் கல்லுன்னு.”

“கேட்ட.”

“கன்னத்துல தட்டின.”

மூத்தவளுக்கு அழுகை வந்தது. அழுதால் சத்தம் வரும் என்று புறங்கையைக் கடித்துக்கொண்டாள். கைப்பையிலிருந்து ஊசியையும் குழாயையும் எடுத்துப் பாயின் மேல் வைத்தாள். குழாயில் ஏற்கெனவே நாற்பத்தொன்று என்று எழுதி ஒட்டியிருந்தது. வாட்ச் பதினொன்றே முக்கால் காட்டியது.

தங்கை கையை மெல்ல நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. ஆறு வருடத்துக்கு முன் இரும்புச் சங்கிலியை இழுத்த கையில் இப்போது நரம்பு எங்கே என்று விளக்கில்லாமலே தெரிந்தது. மூத்தவள் பட்டையைக் கட்டினாள். ஊசியின் மூடியைக் கழற்றினாள்.

தங்கையின் மற்றக் கை வந்து அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. பிடியில் பலமே இல்லை, உதறினால் விழுந்துவிடும்.

“எடுத்துக்க. எவ்வளவு வேணும்னாலும் எடு.” ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே ஒரு மூச்சு இருந்தது. “பேப்பர்ல திருத்தறத அம்மா படிக்க மாட்டா.”

“பேசாத. உடம்பு தாங்காது.”

“தாங்கலன்னா நம்புவா.” உதடு கோணியது, அது சிரிப்பாகத்தான் இருக்க வேண்டும். “எனக்கு ஒண்ணு பண்ணு.”

சமையலறையில் குழாய் நின்றது. அம்மாவின் செருப்புச் சத்தம் கூடத்துக்கு வந்து, கதவுக்கு வெளியே நின்றது. “என்னடி ரெண்டு பேரும் குசுகுசுன்னு? சூப்பு ஆறுது. பெரியவளே, ஒனக்கு வேலைக்கு நேரமாகலையா?”

ஊசி மூத்தவளின் விரல்களுக்கு நடுவே நின்றது. தங்கை கண்ணிலிருந்த துணியைத் தானே விலக்கினாள். எட்டு மாதத்துக்குப் பிறகு அவள் அக்காவை நேராகப் பார்த்தாள்.

“அம்மாவ உள்ள கூப்பிடுக்கா. லைட்டப் போடு. அன்னைக்குப் படிச்ச மாதிரியே சத்தமாச் சொல்லு, நார்மல் நீ இல்லன்னு. சொல்றியா?”